நின்றதா, நிறுத்தப்பட்டதா?
(அசைவின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் குறித்து வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், ஆங்கில மொழி குறித்து இளைஞர்களுக்குப் பயன்படும் வகையில் சிறிது பேசுமாறு நிருவாகிகள் பணித்தனர். ஆங்கிலம் பெருங்கடல். அதில் ஒரு கை நீரை மட்டுமே இங்கு எடுத்துக் காட்ட முற்படுகின்றோம். அசையாமல் இருத்தலைக் குறிக்கும் சொற்களே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முன்னேற்றத்தைப் பேச வேண்டிய மேடையில் அசைவின்மையைப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. பேருந்து நிற்கிறது, தறி நிற்கிறது, மழை நின்றது, வேலை நின்றது, பையன் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டான் என்று நாம் அன்றாடம் பேசுகின்றோம். தேங்குதல், முடங்குதல், ஓய்தல், உறங்குதல், அடங்குதல் எனத் தமிழிலும் தனித்தனிச் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது நம் பிள்ளைகளுக்கு 'ஸ்டாப்' என்னும் ஒரு சொல்தான் கைக்கு வருகிறது. ஆங்கிலமோ இந்த இடத்தில் மிக நுட்பமாகச் சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. நிற்பது எது? நிறுத்தியது யார்? அது மீண்டும் அசையுமா? இம்மூன்று வினாக்களுக்கும் சொல்லே விடை கூறிவிடும். ஆகவே சொல்லைத் தவறாகத் தேர்ந்தால் நம் நிலைமையையே தவறாகக் கூறியவர்கள் ஆவோம்.

எளிய சொற்களிலிருந்து தொடங்குவோம். 'ஸ்டில்' என்பது பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கிவரும் சொல். காற்றில்லாத வேளையில் ஏரி நீர் இருக்கும் நிலையும், புகைப்படம் எடுக்கும்போது குழந்தை நிற்கும் நிலையும் ஸ்டில். திரைப்படத்தின் அசையாப் படத்தை நாமும் ஸ்டில் என்றே சொல்கின்றோம். இச்சொல்லில் குறைகூறும் தொனி கிடையாது. இதற்கு 'இன்னும்' என்றும் 'ஆயினும்' என்றும் வேறு இரு பொருள்களும் உண்டு. 'அவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்' என்று எழுதும்போதும் இச்சொல்லே வரும். இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும்.

அடுத்தது 'ஸ்டேஷனரி'. பள்ளிப்பட்டுப் பேருந்து நிலையத்தில் திருத்தணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி நிற்கிறதே, அது ஸ்டேஷனரி. இப்போது நிற்கிறது, நேரம் வந்தால் புறப்படும். ஓட்டுநர் இயந்திரத்தை அணைக்காமல் வைத்திருந்தால், இயந்திரம் 'ஐடிலிங்' செய்கிறது என்பர். எழுதுபொருள் கடையையும் ஸ்டேஷனரி என்கின்றோம். ஒலி ஒன்றே, எழுத்தில் வேறுபாடு உண்டு. நிற்கும் வண்டிக்குக் கடைசிப் பகுதியில் 'ஏ' என்ற எழுத்தும், காகிதம் விற்கும் கடைக்கு 'ஈ' என்ற எழுத்தும் வரும். இவ்விரண்டுக்கும் உறவும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகத் திரிந்து விற்றனர். பல்கலைக்கழகங்களின் அருகே ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்றனர். அந்தப் பெயரே எழுதுபொருளுக்கும் ஏறியது.

நிற்றல் என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் வேரிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேட், ஸ்டேட்டஸ், ஸ்டேபிள், ஸ்டாச்சு, எஸ்டேட் எனப் பல சொற்கள் கிளைத்துள்ளன. தமிழில் 'நில்' என்னும் வேரிலிருந்து நிலை, நிலையம், நிலைமை முதலியன பிறந்தமை போன்றதே இது. இந்த உறவைப் பிடித்துக்கொண்டால் பத்துச் சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் தொல்லை நீங்கும்.

நிற்றல் என்பது எதனை வைத்துப் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்ததும் ஆகும். பள்ளிப்பட்டு என்றும் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. ஆயினும் 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்தினது ஆயிற்று. ஊர் நின்றது, எல்லை நகர்ந்தது. அசையாமல் நிற்பவரின் வாழ்க்கையும் பிறர் வரையும் கோட்டால் மாறக்கூடும் என்பதற்கு நம் ஊரே சான்று.

'ஐடில்' என்னும் சொல்லை நாம் மிகவும் கவனமாகக் கையாள வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இதற்கு வெறுமை என்று பொருள். பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் நூல் வராத நாளிலும் மின்சாரம் இல்லாத நேரத்திலும் விசைத்தறி ஐடிலாக நிற்கும். தறியைச் சோம்பேறி என்று எவரும் ஏசுவதில்லை. ஆனால் இதே சொல்லை மனிதனுக்குச் சூட்டும்போது சோம்பேறி என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. வேலை கிடைக்காத கூலித் தொழிலாளியும், வேலை செய்ய மறுப்பவனும் ஒரே சொல்லில் அடைபடுகின்றனர். வேலையின்றி இருப்பவரை 'அன்எம்ப்ளாய்டு' என்று எழுதுங்கள். வேலை இல்லை என்ற உண்மையை அச்சொல் கூறும். ஆளின் மேல் பழி போடாது.

'டார்மன்ட்' என்பது உறக்கத்தைக் குறிக்கும் சொல். நிலக்கடலை பயிரிடுவோர் இதனை எளிதில் உணர்வர். கொத்து வகைக் கடலைக்கு விதை உறக்கம் மிகக் குறைவு. அறுவடை வேளையில் மழை பெய்தால் மண்ணிலேயே முளைத்துவிடும். கொடி வகைக் கடலையோ சில வாரங்கள் உறங்கிய பின்னரே முளைக்கும். உறங்கும் விதையும் செத்த விதையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஈரம் பட்டுக் காலம் கனிந்தால்தான் எது எது என்பது தெரியும். வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டு, இது தேறாது என்று முதல் மாதத்திலேயே முடிவு கட்டும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இவ்விரு சொற்களின் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இனி நம் கல்வியோடு நேரே தொடர்புடைய சொல்லுக்கு வருவோம். 'ஸ்டேக்னன்ட்' என்பது குட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் நம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வருகிறது. வெள்ளம் வடிந்தபின் பள்ளங்களில் நீர் தங்கிவிடுகிறது. ஓடும் வரை ஆறாக இருந்த நீர், தேங்கினால் பாசி படர்ந்து கொசுவை வளர்க்கிறது. வெறுமனே நிற்பதன்று ஸ்டேக்னன்ட், நின்று கெடுவது.

இச்சொல் இந்தியக் கல்வி வரலாற்றில் ஒரு முக்கிய இடம் பெற்றது. 1929-இல் ஹார்டாக் குழு தன் அறிக்கையை அளித்தது. தொடக்கப் பள்ளிகளின் இரு பெரும் நோய்களாக 'வேஸ்டேஜ்', 'ஸ்டேக்னேஷன்' என்னும் இரண்டையும் அக்குழு குறித்தது. தொடக்கக் கல்வி முடியுமுன் பிள்ளை பள்ளியை விட்டு விலகுவது முன்னது. அதனை விரயம் என்பர். ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிடுவது பின்னது. அதனைத் தேக்கம் என்பர். 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த சிறுவர் 100 பேரில், 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தோர் 18 பேரே என்று அக்குழு கணக்கிட்டது. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் இவ்விரு சொற்களையும் படித்தே வந்திருக்கின்றனர்.

அக்கணக்கை நாம் மறுக்கவில்லை. சொல்லைப் பற்றித்தான் நம் வினா. நீர் தானாகத் தேங்குவதில்லை. பள்ளம் இருந்தால் தேங்கும். கரை கட்டினாலும் தேங்கும். பிள்ளை ஏன் தேங்கினான் என்பதற்குத் தேக்கம் என்ற சொல் விடை கூறாது. சேரியின் பிள்ளை பள்ளிக்குள் நுழைவதே போராட்டமாக இருந்த காலம் அது. உள்ளே விடப்பட்ட இடங்களிலும் தனியே உட்கார வைக்கப்பட்டான்; குடிநீருக்குத் தனிப் பாத்திரம் வைக்கப்பட்டது. அவன் விலகியதும் கணக்கில் விரயம் என்றே ஏறியது.

இந்நாளில் 'டிராப் அவுட்' என்கின்றனர். நழுவி வெளியே விழுதல் என்பது அதன் பொருள். தமிழில் அரசு அதனை 'இடைநிற்றல்' என்று குறிக்கிறது. தமிழ் இலக்கணம் கற்ற மாணவர்களே, தன்வினையையும் பிறவினையையும் நினைவுகூருங்கள். நின்றான் என்பது தன்வினை. நிறுத்தினான் என்பது பிறவினை. நிறுத்தப்பட்டான் என்பது செயப்பாட்டுவினை. இடைநிற்றல் என்ற சொல் தன்வினையாக இருப்பதால், பிள்ளை தானே நின்றுவிட்டான் என்ற எண்ணம் படிப்போர் மனத்தில் படிகிறது. தாய் தந்தையர் செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு போகும்போது உடன் சென்ற சிறுமி நின்றாளா, நிறுத்தப்பட்டாளா? வயதுக்கு வந்ததும் வீட்டில் இருத்தப்பட்ட பெண்ணை எந்த வினையில் எழுதுவது? சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதால் மறுநாள் வராத பையனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வெளியே தள்ளப்படுதல் என்னும் பொருளில் 'புஷ் அவுட்' என்ற சொல்லை ஆங்கிலக் கல்வியாளர்களே வழங்கத் தொடங்கியுள்ளனர். சரியான சொல்லைத் தேடும் முயற்சி அம்மொழியிலும் நடக்கிறது என்பதற்கு இஃது அடையாளம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்று விதித்தது. 2019-இல் செய்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் அவ்விதியைத் தளர்த்த இடமளித்தது. தேக்கத்தைத் தடுக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் ஆண்டுதோறும் வகுப்பு மாறியும் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க வராத பிள்ளை நகர்கிறானா, நிற்கிறானா? செக்குமாடு நாள் முழுதும் நடக்கிறது. மாலையில் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. பெற்றோர்கள் தேர்ச்சி அட்டையை மட்டும் பாராமல், வாரம் ஒருமுறை பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதனைச் செய்யலாம். பிள்ளை தடுமாறுவது காதுக்குத் தெரியும்.

'இனர்ட்' என்னும் சொல்லையும் பார்ப்போம். தானே இயங்கும் ஆற்றல் அற்றது என்பது பொருள். நம் மக்களைப் பற்றி எழுதுவோர் சிலர் இதனை நம்மீதும் சுமத்துவதுண்டு. அறிவியல் படித்த இளைஞர்கள் 'இனர்ஷியா' என்பதை அறிவர். தமிழில் நிலைமம் என்கின்றோம். 1687-இல் நியூட்டன் வகுத்த முதல் விதியின்படி, புறவிசை தாக்காதவரை நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். அவ்விதியின் மறுபாதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீராக இயங்கிக்கொண்டே இருக்கும் என்பதே அந்த மறுபாதி. அசையத் தொடங்கியதை நிறுத்தவும் ஒரு விசை வேண்டும்.

உராய்வு பற்றிய பாடமும் இவ்விடத்தில் பொருந்தும். நிற்கும் வண்டியை முதன்முதலில் அசைப்பதற்கு வேண்டிய விசை, அசைந்தபின் தள்ளிச் செல்ல வேண்டிய விசையைவிட மிகுதி. நிலை உராய்வின் உச்ச அளவு இயக்க உராய்வைவிடப் பெரிது என்று பாடநூல் கூறும். ஒரு குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத்தான் கடுமை மிகுதி. விண்ணப்பம் நிரப்பக் காட்டுவார் இல்லை. விடுதியைப் பற்றிச் சொல்வார் இல்லை. ஆங்கிலத்தில் ஐயம் வந்தால் கேட்க ஆள் இல்லை. இரண்டாம் பிள்ளைக்கு அண்ணனோ அக்காளோ இருக்கின்றனர். கல்விச் சங்கத்தின் தோள் வேண்டியதும் அந்த முதல் தள்ளுதலுக்கே.

மனிதர் மட்டுமன்றிச் சட்டமும் அசையாமல் கிடப்பதுண்டு. அதனை ஆங்கிலத்தில் 'டெட் லெட்டர்' என்பர். உரியவரிடம் சேர்க்க முடியாத அஞ்சலுக்கும், ஏட்டில் இருந்தும் நடைமுறையில் இல்லாத சட்டத்திற்கும் இதுவே பெயர். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக்கிணறு முதலியவற்றை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தத் தடையில்லை என்று அரசு ஆணையிட்டது. ஆணை பிறந்த பிறகும் பல ஊர்களில் நம் முன்னோர் அத்தெருக்களில் கால் வைக்க இயலவில்லை. பம்பாய் மாகாணத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1923-இல் அங்குள்ள சட்டமன்றம் பொது நீர்நிலைகளைத் திறந்துவிடத் தீர்மானித்தது. 1924-இல் மகாத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாக முடிவு செய்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்து நீரை நம்மவர் ஒருவரும் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் அவர்கள் மக்களைத் திரட்டி நடந்து சென்று அந்நீரைப் பருகினார். அதன்பின் எழுந்த வழக்கு 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. செத்த எழுத்துக்கு உயிர் கொடுக்க நடந்து போகும் கால்களும் வேண்டும், பல்லாண்டு வழக்காடும் பொறுமையும் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

'இம்மூவபிள் பிராப்பர்ட்டி' என்பதை அசையாச் சொத்து என்கின்றோம். நிலமும் வீடும் அதில் அடங்கும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டு விற்கலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோர் அல்லாதாருக்கு விற்கலாகாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆயினும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. மண் அசையவில்லை, பட்டாவில் இருந்த பெயர் அசைந்தது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தோரின் இழப்பும் அதில் உண்டு. கல்வி ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி அலுவலகத்தில் வழங்கும் சொற்கள். விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பெண்டிங்' என்பது தொங்குதல் என்னும் பொருளிலிருந்து வந்தது. முடிவு ஏற்படாமல் இருக்கிறது என்று பொருள். 'சஸ்பெண்டட்' என்றால் ஒருவர் ஆணையிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். 'ஸ்டே' என்றால் நீதிமன்றமோ மேல் அதிகாரியோ தடை விதித்திருக்கிறார். 'ஸ்டால்டு' என்றால் நடந்துகொண்டிருந்த வேலை ஏதோ இடையூற்றால் பாதியில் நின்றது. 'அபாண்டன்ட்' என்றால் கைவிடப்பட்டது. விடுதிக் கட்டடத்தின் வேலை நின்றுவிட்டது என்று மட்டும் எழுதினால், ஆவன செய்யப்படும் என்று பதில் வரும். சஸ்பெண்டட் ஆகியுள்ளதா என்று வினவினால், எந்த ஆணையால், எந்த நாளில், யாரால் என்று அடுத்து வினவ இடமுண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் விடை பெறவும் வழியுண்டு. உதவித்தொகை வராத மாணவரும் இவ்வாறே தம் விண்ணப்பம் எந்த மேசையில், எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்கலாம். தமிழில் எழுதினாலும் இந்நுட்பம் உதவும்.

நாமே தேர்ந்துகொள்ளும் அசைவின்மையும் ஒன்றுண்டு. 'ஸ்டிரைக்' என்னும் சொல், 1768-இல் இலண்டன் மாலுமிகள் தம் குறைகளைத் தீர்க்கக் கோரிப் பாய்களை இறக்கிக் கப்பல்களை நிறுத்திய நிகழ்ச்சியோடு தொடர்புடையது என்பர். திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893-இல் தடை செய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். பின்னர், 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயல்களில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளிகளை நிற்கச் செய்தார். கல்விக்காக ஏர் நின்றது. அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையைவிட்டு எழ மறுத்தார். தொடர்ந்து 381 நாள் கறுப்பின மக்கள் அந்நகரப் பேருந்துகளில் ஏறாது நடந்தே சென்றனர். பேருந்தில் இடம் பிரிக்கும் சட்டம் வீழ்ந்தது. அவர் உட்கார்ந்திருந்ததை இனர்ட் என்றோ ஐடில் என்றோ எவரேனும் கூறுவாரா? ஆகவே அசையாதிருத்தலைக் கண்டவுடன் அதனைக் குறை என்று கொள்ளாது, யாருடைய விருப்பத்தால் நிகழ்ந்தது என்று கேட்கப் பழகுவோம்.

இளைஞர்களே, இவ்வுரையிலிருந்து நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியது நீண்ட சொற்பட்டியல் அன்று. எங்கேனும் ஒன்று நிற்பதைக் கண்டால், எது நிற்கிறது, யார் நிறுத்தினார், எப்படி மீண்டும் அசையும் என்று வினவுங்கள். விடைக்கேற்ற சொல்லை அகராதியில் தேடுங்கள். நம் நிலைமைக்குப் பிறர் வைத்த பெயரை அப்படியே ஏற்காதீர்கள்.

சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளையும் வைக்கின்றோம். நம் குடியிருப்புகளில் பள்ளிப் படிப்பு இடையில் நின்ற பிள்ளைகளின் பட்டியலை இவ்வாண்டே எடுப்போம். அதில் 'நின்றவர்' என்று ஒரு பத்தியும் 'நிறுத்தப்பட்டவர்' என்று ஒரு பத்தியும் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாக அமர்ந்து கேட்டு எழுத வேண்டும். கேட்டு முடித்தபின் முதல் பத்தியில் எத்தனை பெயர் எஞ்சுகிறது என்று பார்ப்போம். இரண்டாம் பத்தியில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நிறுத்தியது எது என்று எழுதுவோம்: பணமா, வேலையா, திருமணமா, அவமானமா, நோயா? பணம் என்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தொலைவு என்றால் விடுதியில் சேர்க்கலாம். அவமானம் என்றால் சங்கமே அப்பள்ளிக்குச் சென்று பேசலாம். காரணம் எழுதப்பட்டால் வேலையும் தெளிவாகும்.

அப்பட்டியலை எடுக்க முதல் ஆளாக வருவதற்கு உறுதி கூறி அமர்கின்றோம்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!